கழுதைகளின் செவ்வாய்க்கிழமை

மன்னார்த் தீவில் ஏசுவதற்குக் கழுதையைப் பயன்படுத்தியவர்கள் பலர். படிப்பதற்குப் பயன்படுத்தியவள் அன்ரோனெற் ஒருத்திதான்.

விலங்கு நடத்தையியலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு அவள் எடுத்த தலைப்பு, பட்டினத்துக் கழுதைகளின் ஞாபகசக்தி. தீனி எங்கே, எப்போது கிடைக்குமென்று கழுதை மனதில் வைத்திருக்கிறதா? இதை அறியாமல் மனித குலம் இத்தனை காலம் எப்படித்தான் உயிர் வாழ்ந்ததோ!

யானையையும் சிறுத்தையையும் எடுத்தவர்களுக்கு ஜீப் கிடைத்தது. அவளுக்குக் குடை கிடைத்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே நின்று நாள் முழுக்கக் கழுதைகளைப் பார்த்தாள். கழுதைகள் அவளைப் பார்க்கவில்லை. ஊர் பார்த்தது.

"பட்டம் எடுக்கப் போனனி எண்டாங்கள். இஞ்ச வந்து கழுதை மேய்க்கிறாய்?" என்றாள் மீன் வாங்க வந்த கிறேஸ் மாமி.

"மேய்க்கேல்ல மாமி, பாக்கிறன்."

"மேய்ச்சாலாவது ஏதும் கிடைக்கும், பிள்ளை."

தொடங்குமுன்பே அவள் வீடு வீடாகப் போய், ஒரு வருஷத்துக்குக் கழுதைகளுக்கு மனுசர் சாப்பாடு போடக்கூடாது என்று கேட்டிருந்தாள். தெருவுக்கு அது பெரிய தியாகமாக இருக்கவில்லை. தாய் லூசியா எல்லாரிலும் பலமாகத் தலையாட்டினாள்.

சில மாதங்களில் அதிசயம் நடந்தது. செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் கழுதைகள் திடீரென்று காதை நிமிர்த்தி, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கத் தொடங்கின. மற்ற நாட்களில் அடித்தாலும் அசையா. முதற்கட்டத்தில் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது பேராசிரியரின் விதி. ஆகவே அவை எங்கே போகின்றன என்று அவள் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

பேராசிரியர் தொலைபேசியில் துள்ளினார். "கழுதைக்குக் கிழமை தெரியுது! எங்கட திணைக்களத்தில அரைவாசிப் பேருக்குத் தெரியாது. உடன மாநாட்டுக்கு அனுப்புவம்."

அனுப்பினார், தன் பெயரை முன்னால் போட்டு.

அடுத்த செவ்வாய் அவளுக்குக் காய்ச்சல். படுத்திருந்தவள், பின்வளவில் சத்தம் கேட்டு எழும்பி ஜன்னலால் பார்த்தாள். லூசியா தாச்சிச் சட்டியில் கரண்டியால் தட்டிக்கொண்டு நின்றாள். வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்த கழுதைகள், பூசையில் நன்மை அப்பம் வாங்க வந்த சனம்போல வரிசையில் நின்றன. ஆளுக்கொரு துண்டு பேக்கரிப் பாண். துண்டுக்கொரு மன்றாட்டு: "அந்தோனியாரே, பிள்ளைக்குப் பட்டத்தை வாங்கித் தாரும்."

கழுதைக்குக் காது எதற்காக அவ்வளவு நீளம் என்று, அதைப் பட்டத்துக்குப் படிக்கிறவள் ஒருதரமாவது யோசித்திருக்கலாம்.

"அம்மா! மனுசர் சாப்பாடு போடக்கூடாதெண்டு சொன்னனான் எல்லோ?"

"இது மனுசர் சாப்பாடோ? அந்தோனியாரின்ர பாணடி! செவ்வாய்க்கிழமையில ஏழையளுக்குக் குடுக்கிறது. நீ கழுதையைப் படிக்கிறாய், அதால கழுதைக்குக் குடுக்கிறன். உனக்குப் பட்டம் கிடைக்கிற வரைக்கும் குடுப்பன் எண்டு நேர்த்தி."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் நிச்சயம். சில நாட்கள் அந்த வசதியோடு படுத்தெழும்பினாள். பிறகு படித்த பிள்ளைகளில் சிலருக்கு வரும் வருத்தம் அவளுக்கும் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"கழுதையில ஆராய்ச்சி செய்யச் சொன்னா, அம்மாவில செய்துகொண்டு வந்திருக்கிறீர்! மாநாட்டில நான் எந்த முகத்தோட நிக்கிறது?" என்றார் பேராசிரியர். "பாண் கதையை எழுதாமல் விடும்."

"ஏலாது சேர்."

"அப்ப முதல்ல இருந்து தொடங்கும். பாண் இல்லாமல், முழு வருஷம். இடம் மாத்தேலாது, பதிவு போயிடும்."

மாநாட்டில் அவர் இருந்த முகத்தோடேயே போய் நின்றார் என்று பின்னர் தெரியவந்தது.

அன்ரோனெற் தாயின் காலில் விழாத குறை. லூசியா அசையவில்லை. நேர்த்தியை இடையில் விட்டால் மகளின் படிப்புப் பாழாகிவிடும் என்று அவள் பயந்தாள். பாண் நின்றால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் பாண் நிற்கும். ஒரே வீட்டில், ஒரே பட்டத்துக்காக, இரண்டு பேரும் எதிரெதிரே நின்று உழைத்தார்கள். பல்கலைக்கழகப் பதிவுக்காலம் முடிந்தது. அன்ரோனெற்றுக்கு ஐஸ் கம்பனிக் கந்தோரில் ஒரு கதிரை கிடைத்தது.

வேலைக்குப் போய் வந்த முதல் செவ்வாய், பின்வளவில் தாச்சிச் சத்தம்.

"எல்லாம் முடிஞ்சுதம்மா," என்றாள். "இனி எனக்குப் பட்டம் வராது. நிப்பாட்டுங்கோ."

லூசியா பாணைப் பிய்த்தபடி மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வராட்டி எப்பிடியடி நிப்பாட்டுறது?"