மேரி அக்கா கொண்டுவந்த சின்னத் தட்டு

முப்பத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேன்டீன் தட்டு முறம் மாதிரி இருக்கும். பாதிச் சோறு அதில் ஒரு மூலையில் கிடக்கும். பார்த்தாலே பசிக்கும், மறுபடி வரிசையில் நின்றுவிடுவேன். நேற்று, பரிமாறுகிற மேரி அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

இன்று மதியம் என்னைப் பார்த்ததும் அக்கா ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டினார்.

"என்னக்கா, சின்னப்பிள்ளை தட்டு மாதிரில்லா இருக்கு?" என்றேன்.

"என் வூட்டுத் தட்டுப்பா. உனக்கோசரம்தான் மண்ணூர்லேர்ந்து எடுத்தாந்தேன். எனக்கும் சுகர் கீது. இதுல கொஞ்சம் போட்டாலே நெறைஞ்சிடும். நெறைஞ்ச தட்ட பாத்துகினே துன்னு, இன்னொரு தபா கேக்கத் தோணாது."

சோறு, சாம்பார், கீரை என்று தட்டு நிரம்பிவிட்டது. நிதானமாகச் சாப்பிட்டேன். எழுந்து நேராகக் கை கழுவத்தான் போனேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தனியாகக் கிடக்கிறவனுக்காக ஒருவர் வீட்டிலிருந்து தட்டு சுமந்து வந்திருக்கிறார். நன்றி சொல்லப் போனால், "போப்பா, நீ வேலைக்குப் போவ டைம் ஆச்சு" என்று விரட்டிவிட்டார்.

நாளை கேன்டீனில் பிரியாணி. சின்னத் தட்டில் எவ்வளவு உயரம்வரை குவிக்கலாம்? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.