தொங்கட்டான் பூவுக்கு வந்த குருவி

என் மனைவி நேர்ஸ். அவளுடைய வேலையால்தான் எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்து, மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரில் வீடெடுத்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கார் சீற் தைக்கும் தொழிற்சாலையில் வேலை. இங்கிலிஷில் பேச வேண்டிய இடமெல்லாம் அவளே பேசினாள்.

புற்றுநோய் வந்து அவள் படுக்கையோடு ஆன பிறகு, யன்னலுக்கு வெளியே நின்ற செடியில் ஒரு குருவியைக் கண்டாள். அந்தச் செடியின் பூக்கள் சிவப்பாகத் தலைகீழாகத் தொங்கும். தொங்கட்டான் பூ என்று அவள் பெயர் வைத்திருந்தாள். குருவி பூவுக்குக் கீழே அந்தரத்தில் நின்றபடி தேன் குடித்ததாம். படங்களில் பார்த்த ஹம்மிங்பேர்டேதான் என்றாள். பக்கத்து வீட்டுக் கிழவர் சிரித்தார். அது அமெரிக்காவின் சூடான காடுகளில் இருப்பது, இந்த நாட்டில் கிடையாது என்று சொல்லி, பறவைப் புத்தகம் ஒன்றைத் தந்தார்.

அவள் வாசித்துச் சொன்னாள். இங்கே ஸ்பைன்பில் என்றொரு குருவியும் அப்படி நிற்குமாம். நீண்டு வளைந்த சொண்டு, வெள்ளைத் தொண்டையில் செம்பழுப்புப் பொட்டு.

"எனக்குப் பொட்டுத் தெரியேல்லை. அடுத்த முறை வரேக்க நீங்கள் வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. பொட்டு இல்லாட்டி கிழவர் தோத்தார்."

வேறு எதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு யன்னலடியில் கதிரையில் இருந்தேன்.

அந்தக் கிழமைதான் சிட்னியிலிருந்து அவளுடைய அக்கா வந்தார். விடியமுன்னமே குளித்து, செடியில் விரிந்த பூவெல்லாம் ஆய்ந்து, தங்கைக்குச் சுகம் வரவேண்டுமென்று சாமிப்படத்துக்கு வைப்பார். நாங்கள் பார்க்கும்போது செடி வெறும் பச்சையாக நிற்கும். குருவி வரவில்லை. கொஞ்சப் பூவைக் குருவிக்கு விடலாமோ என்று கூச்சத்தோடு கேட்டேன்.

"சாமிக்கு வைக்கிறதிலயும் கஞ்சத்தனமோ தம்பி?"

மனைவி என் கையைப் பிடித்துப் பேசாமல் இருக்கச் சொன்னாள். அக்கா என்ர சுகத்துக்காகத்தானே ஆய்கிறா என்றாள். ஆனால் பகல் முழுவதும் முகத்தை யன்னல் பக்கமே வைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் அப்படியே போய்விட்டாள்.

சாவுத் துடக்குப் பட்ட வீட்டில் சாமிக்கு விளக்கும் இல்லை, பூவும் இல்லை. செடியில் ஒருவரும் கை வைக்கவில்லை. மொட்டெல்லாம் விரிந்து அது சிவந்து போனது. ஒரு காலை தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றபோது சிறகு படபடக்கும் சத்தம் கேட்டது. குருவி பூவுக்குக் கீழே நின்றது. கறுத்த தலை, சிவந்த கண். தொண்டையில் பொட்டு இருந்தது. கிழவர்தான் சரி. அதைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

அக்கா பின்னால் வந்து நின்றார்.

"இதைப் பாக்கவோ அவள் அப்பிடிக் கிடந்தவள்?"

"ஓம் அக்கா."

"ரெண்டு பூவை விட்டிருந்தாலே காணுமே. எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

நான் சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை. தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தேன். அவர் விம்மிய சத்தத்துக்குக் குருவி பறந்துவிட்டது.