லயத்து ஜன்னலில் வர்ணக் கண்ணாடி

வீட்டில் இருந்தபடியே வர்ணக் கண்ணாடி செய்து பிழைக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் வர்ணம் விற்கிறவராக இருப்பார், அல்லது வகுப்பு எடுக்கிறவராக இருப்பார். கண்ணாடி செய்கிறவராக மட்டும் இருக்கமாட்டார்.

நான் செய்கிறவள். இலங்கையில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று எட்டு அறை வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் லொறி ஓட்டுகிறார். எனக்கு இடுப்பு விட்டுப்போய்க் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திய வருஷம், தோட்டத்துப் பெண்களுக்குச் சுயதொழில் வகுப்பு என்று ஒன்று நடந்தது. பத்து நாள் போய் இதைக் கற்றுக்கொண்டேன்.

வேலை இவ்வளவுதான். படத்தைக் கீழே வைத்து அதன்மேல் கண்ணாடியை வைக்க வேண்டும். குழாயிலிருந்து கறுப்புப் பசையைப் பிதுக்கி, படத்தின் கோட்டின் மேலேயே கோடு இழுக்க வேண்டும். அது காய்ந்து மேடானதும் உள்ளே கண்ணாடி வர்ணத்தை நிரப்ப வேண்டும். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைக்காரன் காலத்துச் சேர்ச் ஜன்னல் மாதிரி இருக்கும். கொழும்பில் ஒரே நாளில் காய்கிற வர்ணம் இங்கே மழையிலும் பனிமூட்டத்திலும் ஒரு வாரமானாலும் காயாது என்பதை வகுப்பில் சொல்லவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கரி ஒட்டும். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தால் கோழி மிதிக்கும். கையால் ஒன்றைச் செய்து இன்னொருத்தரிடம் நீட்டிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால், மேலே படியுங்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

நிஜக் கண்ணாடி

பக்கத்துத் தோட்டத்தில் பழைய சேர்ச் ஒன்று இருக்கிறது. காய்ச்சலில் செத்துப்போன தன் சம்சாரத்துக்காக ஒரு வெள்ளைக்காரத் துரை சீமையிலிருந்து வரவழைத்து வைத்த வர்ணக் கண்ணாடி ஜன்னல் அதில் உண்டு. அந்தத் துரைசானியின் பெயரும் வயதும்கூடக் கண்ணாடியிலேயே எழுதியிருக்கும். அதைப் பழுதுபார்க்கக் கொழும்பிலிருந்து ஒருத்தர் வந்திருக்கிறார், வெளிநாட்டில் படித்தவர், தமிழர் என்று கேள்விப்பட்டு, நான் செய்த மயில் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன்.

நல்ல மனுஷர். ஏணியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நிஜக் கண்ணாடியில் நிறத்தை மேலே பூசுவதில்லை. மணலை உருக்கும்போதே உலோகத்தைக் கலந்துவிடுவார்கள். கோபால்ட் கலந்தால் நீலம், செம்பு கலந்தால் பச்சை, அதே செம்பைப் பக்குவம் மாற்றி உருக்கினால் சிவப்பு. துண்டு துண்டாக வெட்டி ஈயப் பட்டியால் இணைப்பார்கள். நான் பசையால் இழுக்கிற கறுப்புக் கோடு அந்த ஈயத்துக்குப் போலி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முகம், விரல், துணி மடிப்பு இவற்றை மட்டும் தூரிகையால் வரைந்து சூளையில் சுடுவார்களாம், பிறகு அழியவே அழியாதாம். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் வேதக் கதைகளை ஜன்னலைப் பார்த்தே தெரிந்துகொண்டார்களாம். நடுவில் அந்த வித்தை ரொம்பக் காலம் மங்கிக் கிடந்து, இங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில்தான் சீமையில் மறுபடி சூடு பிடித்ததாம். கையில் காசு புரண்ட துரைமார் செத்தவர்கள் பேரில் ஜன்னல் வைக்க ஆரம்பித்தது அப்போதுதானாம். காட்டை வெட்டும்போது செத்துப்போன எங்கள் ஆட்களுக்கு எந்த ஜன்னல் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் என்ன செய்வார்?

துணியைப் பிரித்து மயிலைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினார். மயில் வாலிலிருந்து ஒரு பச்சைத் துணுக்கு உரிந்து அவர் நகத்தோடு வந்தது. அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. மயிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க அக்கா. இது கண்ணாடி. நீங்க செய்யிறது கண்ணாடிக்கு மேக்கப்."

மஞ்சள் தண்ணீர்

ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம் ஒன்று புதிதாக வீடு கட்டியது. சாமி அறைக் கதவுக்குத் தாமரையில் உட்கார்ந்த லட்சுமி வேண்டும் என்றார்கள். பதினொரு நாள் வேலை. பஸ்ஸில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். கண்ணாடியைப் பொருத்தி முடிக்கிற வரைக்கும் முதலாளியம்மா பக்கத்திலேயே நின்று, எந்தத் தோட்டம், எந்த லயம், நீங்க என்ன ஆளுங்க என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பதினொரு நாள்னு சொல்றியே, வீட்டுக்குத் தூரமான நாள்ல இதைத் தொடலையே?" என்றார். தொடவில்லை என்று பொய் சொன்னேன். சாமியைத் தனியாக ஒதுக்கிவைக்க என் வீட்டில் இன்னொரு அறை இல்லை.

தண்ணீர் படக்கூடாது, காய்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லைபோல. தீட்டுக் கழிக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவியிருக்கிறார். மூன்றாம் நாள் போன் வந்தது. லட்சுமியின் முகமும் நாலு கையும் பட்டுச்சேலையும் கரைந்து கீழே ஓடிவிட்டனவாம். தண்ணீர் பட்டதால்தான் அம்மா, வேறு ஒன்று செய்து கொண்டுவருகிறேன் என்றேன். முதலாளியம்மா சொன்னார்: "வேணாம். தாமரை மட்டுந்தான் மிச்சம் இருக்கு. ஒன் கை பட்டது எப்புடி நெலைக்கும்?"

சிரித்த முகம்

எனக்கு வகுப்பு எடுத்தவர்கள் இரண்டு வருஷம் கழித்து ஃபோட்டோ எடுக்க வந்தார்கள். முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்ததால் தலை முழுகி, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, நான் செய்ததிலேயே நல்ல அன்னப்பறவைக் கண்ணாடியைக் கையில் பிடித்து இஸ்தோப்பில் நின்றேன். கேமராக்காரர் சேலையைப் பார்த்தார், கூட வந்த அதிகாரிப் பெண்ணைப் பார்த்தார். இருவரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு என்னைப் பழைய சேலைக்கு மாற்றச் சொல்லி, கரி பிடித்த அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். ஃபோட்டோவுக்கு நின்றால் சிரிப்பது எனக்குப் பழக்கம். அந்தப் பெண் ஓடிவந்து என் தோளைத் தொட்டு, ரொம்ப அன்பாகச் சொன்னாள்: "கொஞ்சம் சோகமா பாருங்கக்கா. நீங்க சிரிச்சா, இனி ஒதவி தேவையில்லன்னு நெனைச்சுருவாங்க."

கப்பலில் வந்தது

எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாவை வாங்கி ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். மாடிப்படி வளைகிற இடத்தில் ஆளுயரத்துக்குப் பெரிய வர்ண ஜன்னல், ரோஜாக்கொடி போட்டது. ஒரு புயலில் மரக்கிளை விழுந்து கீழ்ப்பக்கத்து இரண்டு கண்ணாடிகள் நொறுங்கின. நிஜக் கண்ணாடிக்குச் சொல்லியனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும், சீசன் வந்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, புதிது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றார்.

அந்த ரோஜாவுக்கு நான் பட்ட பாடு! மேலே இருக்கிற நிஜக் கொடியைத் தாளில் ஒற்றி எடுத்து, இலைக்கு இலை அதே வளைவில் கோடு இழுத்தேன். சிவப்பு பளிச்சென்று இருந்ததால் துளி பிரவுன் கலந்தேன். நூறு வருஷத்து அழுக்கு வேண்டுமே! என் அடுப்புக் கரியை வழித்து, பசையில் குழைத்து, ஓரமெல்லாம் விரலால் தேய்த்தேன். பொருத்தி முடித்து ஐந்து படி கீழே இறங்கி நின்று பார்த்தபோது எது அவர்களுடையது, எது என்னுடையது என்று எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை மறைக்கமாட்டேன்.

என் மகள் கவிதா அந்த ஹோட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். மூன்று பாஷையும் பேசுவாள். ஒரு நாள் மழைக்குக் குடை கொடுக்கப் போய்ச் சமையலறைக் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி வந்த வெள்ளைக்காரத் தம்பதியைப் படியில் நிறுத்தி, கவிதா இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனாலும் 'ஷிப்' தெரியாதா, 'இங்கிலாந்து' தெரியாதா? அந்த வெள்ளைக்கார அம்மா குனிந்து, நான் வரைந்த ரோஜாவை விரலால் தொட்டாள். கண் கலங்கியிருந்தது. கவிதா நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி அவர்களை மேலே அழைத்துப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், அதை உங்க அம்மாதான் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன என்று. காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "சொன்னா வேலை போயிரும்மா. விடுங்க, அது கப்பல்லயே வந்ததா இருக்கட்டும்."

பாக்கியத்தின் மகள்

பாக்கியம் எங்கள் லயத்திலேயே நடுக் காம்பரா. இன்னும் கொழுந்துக்குப் போகிறவள். அவள் காம்பராவின் பின்பக்கச் சுவர் வெடித்து நாலைந்து வருஷமாகத் தோட்டத்து ஆபிஸுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. கடைசியில் அவளும் புருஷனும் கல்லும் மண்ணும் வைத்து அவர்களாகவே பூசிக்கொண்டார்கள். போன வருஷத்து அடைமழையில் ஒரு காலையில் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து அந்தச் சுவரோடு உள்ளே வந்தது. ஸ்கூலுக்குக் கிளம்ப வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள் மகள் தாரணி. பல்கலைக்கழகம் போகிறதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படித்தவள். ஆபிஸிலிருந்து விசாரிக்க வந்தவர்கள், குடியிருந்தவர்கள் தாங்களாகக் கட்டிய சுவர், தோட்டம் அதற்குப் பொறுப்பில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சில மாதம் கழித்துப் பாக்கியம் என்னிடம் வந்தாள். கையில் மகளின் அடையாள அட்டை. "சேர்ச்ல தொரைசானிக்கு வச்சிருக்காங்கல்ல சரசு, அது மாதிரி எம்புள்ளைக்கு ஒண்ணு செஞ்சு குடு. பேரும் போடு. கொழுந்துக் கூடை கீடை போட்றாத. ஸ்கூல் உடுப்புல இருக்கட்டும்" என்றாள். என்னிடம் இருந்ததிலேயே நல்ல வர்ணத்தை எடுத்தேன். வெள்ளைக்கு இந்த வேலையில் வர்ணம் கிடையாது. கோடு இழுத்துவிட்டு உள்ளே வெறுமனே விட்டுவிட வேண்டும். முகம்தான் வரவில்லை. தபால்தலை அளவு படத்தைப் பார்த்து மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டேன். அவள் காம்பராவின் முன்பக்க ஜன்னலில் பொருத்தியதும் பாக்கியம் ரொம்ப நேரம் பார்த்தாள். கவுன் இருந்த இடத்தில் எதிர்மலையும் தேயிலையும் தெரிந்தன. "மூஞ்சி அவளோடது இல்ல" என்றாள். பிறகு முந்தானையால் அந்த வெள்ளையை மட்டும் துடைத்தாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை, கண்டாக்கு ஐயா வந்தார். மலையில் வேலை வாங்குகிறவர், பாக்கியத்தைப் பல வருஷமாகத் தெரிந்தவர். எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். லயம் தோட்டத்துச் சொத்து, அனுமதி இல்லாமல் ஜன்னலில் கை வைக்கக்கூடாது, மேலே இருந்து சொல்லியிருக்கிறார்கள், கழற்றிவிடுங்கள் என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். பாக்கியம் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரிடம் பேசினாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அவள் பேசியதைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போன மனுஷர் இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் கேட்ட கடுதாசியும் வரவில்லை, கண்ணாடியும் இறங்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "களத்திர்றேங்கய்யா. ஜன்னல் ஒங்களோடதுன்னா செவரும் ஒங்களோடதுதான? அதை மட்டும் ஒரு கடுதாசியில எழுதிக் குடுங்க."

மொத்தத்தில், வெயில் எல்லார் வீட்டு ஜன்னலுக்கும் கேட்காமலேதான் வருகிறது, அது எங்கள் வீட்டுக்குள் எந்த நிறத்தில் விழலாம் என்பதற்கு மட்டும் இந்த மலையில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.