கைச்சக்கரத்தை விடாதவர்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். இரும்பு கடையும் அந்த லேத் இன்னும் கார் ஷெட்டில்தான் நிற்கிறது. தொட்டுப் பார்க்கலாம். "வித்துத் தொலை" என்கிறார்கள் எல்லோரும். விற்க மாட்டேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

நான் இரும்பு கடைபவள். தொழிற்சாலையில் அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக நின்று லேத் ஓட்டியவள். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் அண்ணன், "போதும், வீட்டோட இரு" என்றார். இருப்பேனா? மூடிக்கிடந்த ஒரு பட்டறையிலிருந்து பழைய லேத்தை வாங்கி வந்தேன். பட்டறைக்காரரின் மகள்தான் விற்றாள்.

அண்ணன் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுவா ஓடும்? பழைய இரும்புக்காரனுக்குப் போடு."

"ஓடும்ணே. இல்லேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

துருவைச் சுரண்டினேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். பெல்ட்டை மாற்றினேன். எலக்ட்ரீஷியன் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தார். எல்லாம் வழிக்கு வந்தது, ஒன்றைத் தவிர.

இரும்பைச் சீவும் உளியை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு கைச்சக்கரம் உண்டு. அதன் கைப்பிடியை மேலே பார்க்க விட்டுப் போவேன். காலையில் கீழே பார்த்து நிற்கும். தேய்ந்துபோன மிஷின், எடை தாங்காமல் இறங்குகிறது என்று நினைத்தேன். அசையாதபடி மரக்கட்டை ஒன்றைச் செருகினேன். மறுநாள் கட்டை தரையில் கிடந்தது.

ஒருநாள் தொட்டபோது கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் பிடித்து விட்டதுபோல... ஷெட் சாவி என் இடுப்பில் இருந்தது.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நல்ல மழை. பக்கத்துத் தெருக்காரரின் தண்ணீர் பம்புக்கு ஒரு தண்டு கடைய வேண்டும். என் முதல் வேலை. இரும்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

ம்ம்ம்ம்...

சுற்றியது! கண்ணில் நீர் வந்துவிட்டது. உளியை மெல்ல நகர்த்தினேன். முதல் சீவல் சுருண்டு விழுந்தது.

கைச்சக்கரம் நின்றது.

அழுத்தினேன். அசையவில்லை. பிறகு... மெதுவாக... அது தானாகச் சுழலத் தொடங்கியது.

உளி, இரும்பைக் கவ்விச் சுழலும் தலைப்பக்கம் நகர்ந்தது. மோதினால் உடைந்து என் முகத்தில்தான் பாயும். ஸ்விட்ச் எட்டாத தூரம். கையை எடுக்கவும் முடியாது.

இரண்டு கையாலும் இழுத்தேன்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

இயந்திரத்தின் முரட்டுத்தனம் இல்லை அது. தோள் பலம். விட்டு விட்டு இழுக்கும் பலம். மனிதப் பலம்.

காதருகே ஒரு மூச்சு. ஹ்ஹ்... ஹ்ஹ்...

பயம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். எத்தனை பேர்தான் என்னை மிஷினைவிட்டுத் தள்ளுவார்கள்?

"யாரா இருந்தாலும் சரி!" கத்தினேன். "இது இப்ப என் மிஷின்! விடு!"

இழுப்பு.

பதிலுக்கு இழுப்பு.

"விடுய்யா!"

விட்டது.

நான் மல்லாந்து விழுந்தேன். மூச்சுச் சத்தம் இல்லை. லேத் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்தேன். தண்டைக் கடைந்து முடித்த பிறகுதான் ஸ்விட்சை அணைத்தேன்.

ஒரு வாரம் கழித்து பட்டறைக்காரரின் மகள் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மிஷின் ஓடுதாக்கா?"

"நல்லா ஓடுது. ஏம்மா இப்படி இருக்கே?"

"அப்பா போயிட்டாருக்கா. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த மழையில."

அவளை உட்கார வைத்தேன்.

"வாதம் வந்து ஆறு வருஷமாப் படுக்கை. ஒரு விரலைக்கூட அசைச்சதில்ல. அன்னைக்குத் திடீர்னு ரெண்டு கையையும் தூக்கி, எதையோ பிடிச்சு இழுத்தாரு... பல்லைக் கடிச்சுக்கிட்டு. அம்மாவும் நானும் சேர்ந்து பிடிச்சும் அடக்க முடியல. அப்புறம் யாரோ பிடுங்கின மாதிரி கை அப்படியே விழுந்துச்சு. அவ்வளவுதான்... உயிர் இல்ல."

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மூடியிருந்த விரலைப் பிரிச்சோம்க்கா. உள்ளே ஒரு இரும்புச் சீவல். சுருள் சுருளா, எண்ணெயோட..."

"அப்பவும் சுட்டுச்சுக்கா."