சங்குக்கு மட்டும் அடங்கிய பிள்ளை

1974 ஜூனில் எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. நீண்ட விடுப்பில் இருந்த என் மனைவி அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். தவறினால் அந்த இடத்துக்கு வேறு ஆசிரியை வந்துவிடுவார். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். அவர் கணவர் கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போகிறவர். எல்லாம் சரி, பிள்ளைதான் எதற்கும் சம்மதிக்கவில்லை.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் குறிப்பெடுப்பது என் வேலை. பழக்கதோஷத்தில் மகளின் அழுகைக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். இன்னும் வைத்திருக்கிறேன். 'செவ்வாய், காலை 7.10. நீலச் சட்டை கேட்டாள். போட்டதும் வேண்டாம் என்றாள். கழற்றியதும் வேண்டும் என்றாள். பதினான்கு நிமிடம்.' 'புதன், காலை 8.05. தோசையைப் பிய்த்துக் கொடுத்தது குற்றம். ஒட்டித் தரச் சொல்லித் தரையில் புரண்டாள். இருபது நிமிடம்.' நூலகத்தில் குழந்தை வளர்ப்புப் பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் படித்துவிட்டு, பசி, தூக்கம், மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்றின் வெக்கை என்று கட்டம் போட்டுப் பார்த்தேன். ஒழுங்கு எதுவும் பிடிபடவில்லை. "சாப்பிடுவமா கண்ணு?" என்று எவ்வளவு குழைந்து கேட்டாலும் பதில் "மாட்டேன்."

அந்த வாரம் எனக்கு மாலை ஷிப்ட். வியாழக்கிழமை பகலில் அக்கா வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு தம்பி. பிள்ளைகிட்ட எதுக்கு இத்தனை கேள்வி கேக்கீய? கேட்டா மாட்டேன்னுதான் சொல்லும்."

"கேக்காம எப்படிக்கா?"

"நீங்க ஒண்ணும் சொல்லாதிய. சங்கு சொல்லட்டும்."

பக்கத்து ஆலையின் சங்கு காலை எட்டரைக்கும், பகல் பன்னிரண்டுக்கும், மாலை ஐந்துக்கும் ஊதும். அன்று பன்னிரண்டுக்கு அது ஊதியதும் அக்கா தட்டை வைத்து, யாரிடமோ சொல்வதுபோல, "சங்கு ஊதிட்டு. சாப்பாட்டு நேரம்" என்றார். மகள் ஜன்னலைப் பார்த்தாள். சங்கிடம் மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. உட்கார்ந்து சாப்பிட்டாள். வெள்ளியும் சனியும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை என்பதை நான் யோசிக்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தவள், "சங்கு ஊதல" என்று கையைக் கட்டிக்கொண்டாள். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. வேறு வழியின்றிப் புறவாசலுக்குப் போய், கைகளைக் குவித்து ஊதினேன். "இன்னும் ஊது" என்று உத்தரவு வந்தது. ஆறாவது முறைதான் ஏற்றுக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா என் மனைவியைக் கூப்பிட்டார். "ஏளா, உங்க ஆலைக்கு மட்டும் லீவு கிடையாதோ?"

திங்கட்கிழமை மனைவி புறப்பட்டு வாசலில் நின்று, "அம்மா போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். நான் சைகை காட்டுவதற்குள் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. மகளின் உதடு பிதுங்கியது. சேலைக் கொசுவத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். மனைவி பையைக் கீழே வைத்தாள். அன்று போகமாட்டாள் என்றே நினைத்தேன்.

எட்டரைச் சங்கு ஊதியது. மகளின் கை தளர்ந்தது.

"சங்கு ஊதிட்டு. போ" என்றாள் அம்மாவிடம். மனைவி அசையாமல் நிற்கவும், "போ" என்று பையைத் தள்ளிவிட்டு, அக்கா வீட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

'திங்கள், காலை 8.30. அழுகை இல்லை' என்று எழுதினேன்.

அந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்ட். ஐந்து மணிக்கு மேல் நான் வீடு திரும்பியபோது, மனைவி எனக்கு முன்பே வந்து அதைப் படித்திருந்தாள். "தெருமுனை தாண்டுற வரைக்கும் நான் அழுதேனே, அதை எந்தக் கட்டத்துல போடப் போறிய?"

கட்டத்துக்கு வெளியே ஒரு வரி சேர்த்தேன். எத்தனை நிமிடம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.