அண்ணனுக்கு ஒரு லாட்ஜ்

சோற்றைத் தொடவே இல்லை. ரசத்தை மட்டும் ஒரு டம்ளரில் கேட்டு வாங்கி, ஆற்றி, கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "லாட்ஜு தேறும்த்தா" என்றார் புஷ்பமேரி. நாங்கள் அந்த லாட்ஜுக்குள் அதுவரை காலே வைக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த மெஸ்ஸுக்கு அடுத்த கட்டடம் அது.

சென்னையிலிருந்து வரவிருந்த என் சிநேகிதிகளுக்கு அறை பார்க்கத்தான் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். ஊருக்கு நடுவில் இருக்க வேண்டும், சுற்றிலும் நல்ல சாப்பாடு கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட உத்தரவு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்ஜுக்கா பஞ்சம், போனில் பார்த்தால் ஆயிற்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "ரூமுக்குள்ள போயி தூங்கத்தான போறாங்க. தூங்குறவளுக்கு எல்லா ரூமும் ஒண்ணுதான். முழிச்சா பசிக்கும்ல? அத மொதல்ல பாரு" என்று சொல்லி என்னை வழிக்குக் கொண்டுவந்தார்.

புஷ்பமேரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேகம்பூர் போகிற வழியில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறார். அளவு ரவிக்கையோடு வருகிற கல்யாணப் பெண்களின் அம்மாக்கள் கூடவே கவலைகளையும் கொண்டுவருவார்கள். வெளியூர்ச் சனத்தை எங்கே தங்க வைப்பது என்பதுதான் அதில் பெரிய கவலை. யாரோ ஒருத்திக்கு ஒரு தடவை லாட்ஜ் பார்த்துக் கொடுத்தார். அது நன்றாக அமைந்துவிட்டது. இப்போதெல்லாம் எங்கள் சர்ச்சுப் பங்கில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், கோவிலில் பூசையில் வாசிக்கக் கல்யாண ஓலை கொடுத்த கையோடு நேரே இவர் கடைக்குத்தான் வருகிறார்கள். ரவிக்கை தைக்க வேறு ஆள் கிடைப்பார்கள், ரூம் பார்க்க இவரை விட்டால் ஆள் இல்லை.

லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பெண் தனியாக வந்து அறை கேட்டாலே முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "கூட யாரும்மா?" என்பார்கள். புஷ்பமேரி அசர மாட்டார். "கூட நாப்பது பேரு. பின்னாடி வேன்ல வாராங்க. நீ சாவியக் குடு" என்பார். உள்ளே போனதும் கட்டிலைப் பார்க்க மாட்டார், ஜன்னலைத் திறப்பார். கீழே எந்தக் கடையின் அடுப்படி இருக்கிறது, என்ன எண்ணெய் காய்கிறது என்று மோந்து பார்ப்பார். பிறகு குளியலறைக் குழாயைத் திருகிவிட்டு, தண்ணீர் சுடுகிறவரை மெத்தை விரிப்பின் ஓரத் தையலை விரலால் நீவிக்கொண்டு நிற்பார். தொழில் புத்தி. ஏசி இருக்கிறது, டிவி இருக்கிறது என்று ரூம் பையன் அடுக்கினால், "ஏசி காலைல காப்பி போட்டுத் தருமா?" என்று ஒரே போடு.

கடைசிச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. லாட்ஜ் வாசலிலிருந்து சாப்பாட்டுக் கடை வரைக்கும் மூட்டுவலிக்காரி மாதிரி காலை இழுத்து இழுத்து நடந்து காட்டுவார். நடுவில் மெயின் ரோடு குறுக்கிட்டால் அந்த லாட்ஜ் கழிந்தது. "கெழவன் கெழவிய பஸ்ஸுக்குக் குறுக்க விட்டுட்டு நாம கோவில்ல பூசை பாக்கவா?" என்பார். முதல் தடவை நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, என்னைவிட வேகமாக மாடிப்படி ஏறுவார்.

யார் வந்து கேட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்னிக்கு வாராங்க?" என்பதுதான். எத்தனை பேர் என்பதெல்லாம் பிறகு. இதற்கு ஒரு கதை உண்டு. ரூம் பார்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு நாகர்கோவில் மாப்பிள்ளை வீட்டாருக்கு, ஊர்ப் பெருமையைக் காட்ட வேண்டும் என்று மூன்று பக்கமும் பிரியாணிக் கடைகள் இருக்கிற லாட்ஜாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. அத்தனை பேரும் வெள்ளிக்கிழமை மீன் தவிர வேறு கறி தொடாத பழைய கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். சாயந்தரம் ஒவ்வொரு கடையாகத் தம் உடைக்க உடைக்க, மாப்பிள்ளையின் பெரியப்பா ஜன்னலைச் சாத்தியிருக்கிறார், புழுக்கம் தாங்காமல் திறந்திருக்கிறார், மறுபடி சாத்தியிருக்கிறார். கடைசியில் எல்லாரும் பன்னும் டீயும் சாப்பிட்டுப் படுத்தார்களாம். "அம்புட்டுப் பேரு நாக்கையும் சோதனைக்கு உட்படுத்துன பாவம் எனக்குத்தான? பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். சாமியாரு சிரிச்சுப்புட்டாரு" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளி என்றால் மீன் குழம்புக் கடை, அந்தோணியார் பக்தர்கள் செவ்வாயன்று வந்தால் சைவ மெஸ் என்று அதன் பிறகு அவருக்குள் ஒரு கணக்கு வந்துவிட்டது.

போனில் சனங்கள் போடும் நட்சத்திரங்களை அவர் நம்புவதில்லை. ஆனால் திட்டி எழுதியிருப்பதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். "காரம் அதிகம்னு எழுதியிருக்கானா? பேரப் பாரு, எந்த ஊருக்காரன்? வெளியூரா? அப்பச் சரி, கடை நல்ல கடைதான்."

இப்படி ஊருக்கெல்லாம் ரூம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஐரின், வண்டிய எடு. எங்க அண்ணனுக்கு ஒரு ரூம் பாக்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அண்ணன் ஆண்டனிராஜ் கோயம்புத்தூரில் இருக்கிறார். புஷ்பமேரி சாணார்பட்டிப் பக்கத்துச் சடையாண்டியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இனி ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். சடையாண்டி இந்து. மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மகள் அனிஷா பிறந்து, படித்து, பெங்களூரில் வேலைக்கே போய்விட்டாள். அண்ணன் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. கிறிஸ்துமஸுக்குப் போன் வரும், தங்கையிடம் பேசுவார். சடையாண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

இப்போது பெரியப்பா வீட்டுப் பேரன் கல்யாணத்துக்கு வருகிறார். "டவுனுக்குள்ள நல்ல லாட்ஜா ஒண்ணு பாரு. பக்கத்துல சாப்பாடு நல்லா இருக்கணும். நீதான் இதுல கெட்டிக்காரின்னு எல்லாரும் சொல்றாங்க" என்றிருக்கிறார். புஷ்பமேரியின் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். சொந்தத் தங்கை வீடு இருக்க, அவளிடமே லாட்ஜ் பார்க்கச் சொல்கிற மனிதரை என்னவென்று சொல்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புஷ்பமேரி கோபப்படவில்லை. "கேக்கவாவது தோணுச்சே அண்ணனுக்கு" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு நான்தான் அவரைக் கெடுத்தேன். பைபாஸ் ரோட்டுப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். பளிங்குத் தரை, லிப்ட், வெள்ளை வெளேர் என்று விரிப்பு. சுற்றிலும் பொட்டல். ஒரு டீக்கடை கூடக் கிடையாது. "இங்க போடுங்கக்கா. பசிச்சா எங்க போவாரு? நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வரணும்" என்றேன். அவர் ஜன்னலைத் திறந்தார். மோந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. வெகுநேரம் அந்தப் பொட்டலையே பார்த்துக்கொண்டு நின்றவர், கீழே வந்து, "செவ்வாய்க்கெழமைக்கு ஒரு ரூமு எழுதிக்கங்க" என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோழி எங்கே வாங்குவது என்று கேட்டார். உடனே, "செவ்வாய் அண்ணன் கவிச்சி சாப்பிடாது, அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டது. புதன்கெழமை செய்யணும்" என்று தனக்குத்தானே திருத்திக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் முகம் கண்ணாடியில் சின்னப்பெண் முகம் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் போன். "அந்த ரூம வேணாம்னு சொல்லிப்புட்டேன்த்தா."

"ஏங்க்கா?"

"அண்ணனுக்குச் சுகரு. மாத்திரையப் போட்டுட்டு அந்தப் பொட்டக்காட்டுல எங்க போயி சோறு தேடும்? கையி காலெல்லாம் நடுங்கும்ல. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல." பிறகு அவரே சொன்னார். "பட்டினி போட்டுப் புடிக்கிறதுக்கு அண்ணன் என்ன எலியா? வராட்டிப் போகுது. சாப்புட்டுட்டு நல்லா இருக்கட்டும்."

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் பழைய லாட்ஜ் ஒன்றைப் பிடித்தார். பளிங்கெல்லாம் இல்லை. ஆனால் நேர் எதிரே ஒரு சைவ மெஸ். லாட்ஜ் படியிலிருந்து இறங்கினால் மெஸ்ஸின் படி, அவ்வளவுதான் தூரம். அங்கே காலை எழுந்ததும் காப்பி கிடைக்கிறது, மத்தியானம் இலைச் சாப்பாடு. முந்தின நாளே போய் உட்கார்ந்து கூட்டு, பொரியல், ரசம் என்று எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்த்தார். மெஸ்காரரிடம், "நாளைக்கு எங்க அண்ணன் வருது. சுகர் ஆளு. வெஞ்சனத்த நல்லாப் போடுங்க, சோத்தக் கொறச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒருவருக்காக அவர் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. எந்த லாட்ஜும் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் அண்ணன் வந்து இறங்கினார், மனைவி டெய்சியோடு. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கம். அறையைப் பார்த்து, "பரவால்ல" என்றார். என்னோடு வந்திருந்த புஷ்பமேரி சாவியைக் கொடுத்துவிட்டு, "எதுத்தாப்ல மெஸ் இருக்குண்ணே. இன்னிக்கு ஒனக்குத் தோதா இருக்கும். நான் போயிட்டு வாரேன்" என்றார். வீட்டுக்கு வா என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. கேட்டு, அண்ணன் முடியாது என்று சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். படி இறங்கப் போனவரை டெய்சிதான் பிடித்து நிறுத்தினார். "சாப்டாம எங்க போற? வா, எல்லாரும் சேந்து சாப்புடுவோம். ஹோட்டல்தான?" என்று கடைசி வார்த்தையைக் கணவரைப் பார்த்துச் சொன்னார். ஆண்டனிராஜ் முன்னால் நடந்தார்.

நீள மேஜை, நீள பெஞ்ச். நாங்கள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். பூசணிக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், சாம்பார், ரசம். ஓரமாக ஒரு சிறுமலை வாழைப்பழம். அண்ணன் இலையையே பார்த்தார். "செவ்வாய்க்கெழமன்னு பாத்தா இந்த எடத்தப் புடிச்ச?"

"பின்ன? நீ விட்டுட்டியோ என்னமோ, எனக்கென்ன தெரியும். அம்மா சொன்ன நேத்திக்கடனாச்சே."

"விடல" என்றார். கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். புஷ்பமேரி தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. உண்மையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணனின் கையைத்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். ஆனாலும் இது கடைச் சோறு என்ற துக்கம் இன்னொரு பக்கம்.

அப்போது சந்துக்குள் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. கல்யாண வீட்டுக்குக் காய்கறி இறக்கிவிட்டு, மனைவியைக் கூட்டிப்போக வந்த சடையாண்டி. மெஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தவர், மச்சானைக் கண்டதும் அப்படியே பின்வாங்கி, வண்டியின் நிழலில் போய் நின்றுகொண்டார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். வேறெங்கோ பார்த்தார். புஷ்பமேரி, "செத்த நேரம் இருங்க, வந்துர்றேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். அவசர அவசரமாகச் சோற்றைப் பிசைந்தார்.

ஆண்டனிராஜ் நிமிராமலே கேட்டார். "அவரு சாப்டாச்சா?"

புஷ்பமேரியின் கை இலையிலேயே நின்றது. "இல்லண்ணே. வீட்டுல போயித்தான்" என்றார்.

அண்ணன் ரசச் சோற்றை இன்னும் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, தனக்கும் தங்கைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டார். "தம்பி, இங்கன இன்னொரு எல போடுப்பா" என்றார். பரிமாறுகிறவர் இலையைக் கொண்டுவந்து விரித்தார். ஆண்டனிராஜ் யாரையும் பார்க்கவில்லை. எச்சில் கையை விலக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் தன் டம்ளரை எடுத்து, அந்த வெற்று இலையில் தண்ணீர் தெளித்தார்.