நாற்பத்திரண்டாவது விதி

லண்டனில் படித்துவிட்டு வந்த பெரியப்பா மகன், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். எனக்கு மட்டும் தலையணை கனத்தில் ஒரு புத்தகம். நிறையப் படிக்கிற பிள்ளை என்று எல்லோர் முன்னிலையிலும் பாராட்டிக் கொடுத்ததால், எனக்கும் சாக்லேட் வேண்டும் என்று கேட்க முடியவில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது.

அட்டையில் ஒரு டிராகன் வாளேந்திய ஒருவன்மீது நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. கதைப் புத்தகம் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே கதையே இல்லை. அது ஒரு விளையாட்டின் விதிகளாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ நின்றுகொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இவ்வளவையும் புரிந்துகொள்ள அகராதியோடு ஒரு வாரம் பிடித்தது. மீதிப் பக்கங்களெல்லாம் அட்டவணைகள். இரும்புக் கவசம் அணிந்தவன் மழையில் எவ்வளவு தூரம் நடப்பான் என்பதற்கு ஒன்று, குதிரைக்குக் கால் வலித்தால் பார்ப்பதற்கு ஒன்று. இருபது முகம் கொண்ட பகடை வேறு வேண்டுமாம். பினாங்கில் நான் அறிந்த கடைகளில் எல்லாப் பகடைக்கும் ஆறு முகம்தான்.

பள்ளி விடுமுறை. எங்கள் சுங்கை பினாங்கு அடுக்குமாடி வீட்டில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. இந்த மடப்புத்தகத்தை நானே சுருக்கி, தமிழில், ஏழு வயதுத் தம்பிக்கும் புரிகிற மாதிரி எழுதுவது என்று முடிவு செய்தேன். பாம்பும் ஏணியும் பெட்டியிலிருந்த பகடை போதும். மொத்தம் ஐந்தே விதிகள், நோட்டில் அரைப் பக்கம். நீ யார் என்று சொல். நீ எங்கே இருக்கிறாய் என்று நான் சொல்வேன். என்ன செய்கிறாய் என்று சொல். பகடையில் நாலோ அதற்கு மேலோ விழுந்தால் பலிக்கும். மூன்று காயம் பட்டால் செத்துப்போவாய். லண்டன்காரர்கள் ஐநூறு பக்கத்தில் சொன்னதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்ட பெருமையில் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பெருமை மறுநாள் காலை பத்து மணிவரை நீடித்தது. தம்பி தான் டிராகனாக இருப்பேன் என்றான். டிராகன் நான் சொல்லும் கதையில் வருவது, நீ வீரன் என்றேன். சரியென்று வீரனாகி, முதல் குகையிலேயே மூன்று காயம் வாங்கிச் செத்து, தரையில் புரண்டு அழுதான். சின்னப் பிள்ளையைச் சாகடிக்காதே என்று அம்மா சமையலறையிலிருந்தபடியே தீர்ப்பளித்தார். ஆகவே ஆறாவது விதி: வயதில் இளையவருக்கு ஐந்து காயம்.

எங்கள் கூச்சலில் சின்னம்மா எழுந்து வந்துவிட்டார். அம்மாவின் கடைசித் தங்கை. பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு எங்களோடு தங்கியிருந்தார். இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிறவர். இனித் தூக்கம் வராது, என்னையும் சேர்த்துக்கொள் என்று பாயில் உட்கார்ந்தார். வாள்வீராங்கனையாக இருப்பேன் என்றார். பெரிய ஆள் ஒருவர் சேர்ந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். அது அன்று மதியமே போய்விட்டது.

சின்னம்மா சண்டை போட மாட்டார், கேள்வி கேட்பார். டிராகனைக் கொல்ல ராஜா ஏன் தானே போகவில்லை? கோட்டை வாசலில் நிற்கும் காவலாளிக்கு எப்போது ஷிப்டு மாறும்? டிராகனுக்கு மலாய் தெரியுமா, பேசிப் பார்க்கலாமா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு விதி எழுதினேன். தம்பி குதிரை கேட்டான், குதிரைக்கு மூன்று விதி. அந்தக் குதிரைக்குக் கால் வலிக்குமா என்று சின்னம்மா கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது வாரம் விதிகள் நாற்பத்தொன்று ஆகியிருந்தன. நோட்டு பாதி தீர்ந்திருந்தது.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு முடிவு கட்ட நினைத்து, கதையையே முடித்துவிடத் திட்டம் போட்டேன். ஒரு சனிக்கிழமை மதியம் டிராகன் செத்தது. மூன்று நாள் யோசித்து வைத்திருந்த முடிவை வாசித்தேன். ராஜா மகிழ்ந்து, வீராங்கனைக்குத் தன் மகனைக் கட்டிக்கொடுத்து, இனிமேல் வாள் தூக்க வேண்டாம், அரண்மனையிலேயே சுகமாக இரு என்று சொல்கிறார்.

சின்னம்மா வேண்டாம் என்றார்.

அது பரிசு, வேண்டாம் என்று சொல்ல விதியே இல்லை என்றேன்.

"அப்ப எழுதுலா. ரூல் எழுதற ஆளு நீதானே."

பென்சிலை வீசியெறிந்தேன். தம்பி எடுத்துக் கொடுத்தான். நாற்பத்திரண்டாவது விதி: பரிசை மறுக்கலாம். எழுதிவிட்டு, வயிற்றெரிச்சல் தீர அதன் கீழேயே தண்டனையையும் எழுதினேன். மறுத்தால் அரண்மனையில் யாரும் பேச மாட்டார்கள், சாப்பாடும் கிடையாது.

"எத்தன நாளைக்கு?"

பகடையைப் போடுங்கள் என்றேன். இரண்டு விழுந்தது. இரண்டு நாளா என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றேன்.

சின்னம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசந்தானே. பரவால்ல."

மறுநாள் அக்கரையிலிருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகு ஏறி அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. அப்பா பல மாதம் அலைந்து பேசி முடித்த இடம். கேசரி, வடை, தேநீர். பேச்செல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டியதில்லை, நாங்கள் மகள்போலப் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளையின் தாயார் அன்பாகவே சொன்னார். தட்டை ஏந்தி நின்ற சின்னம்மா அதை மேசையில் வைத்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. எனக்கு விருப்பமில்ல."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வந்தவர்கள் பாதி வடையோடு எழுந்து போனார்கள். அப்பா அன்றிலிருந்து சின்னம்மாவிடம் பேசவில்லை. அம்மா ஒரு நாள் முழுக்கத் திட்டிவிட்டுப் பிறகு பேசவில்லை. எனக்கோ ஒரே கவலைதான்: பரிசை மறுத்த வீராங்கனை அடுத்து எங்கே போகிறாள் என்று சின்னம்மா இன்னும் சொல்லவில்லை. இரண்டு முறை நோட்டோடு போய் நின்றேன். இரண்டு முறையும் அப்புறம் என்றார். பெரியவர்களை விளையாட்டில் சேர்த்தால் இதுதான் கதி என்று தம்பியிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, கூட வேலை செய்யும் பெண்களோடு பாயான் பாருவில் அறை எடுத்திருப்பதாகச் சொல்லி, சின்னம்மா துணிமணிகளைப் பையில் அடுக்கினார். யாரும் தடுக்கவில்லை. அம்மா காலையிலிருந்து சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா நெத்திலிச் சம்பலை ஒரு பிஸ்கட் டின்னில் அழுத்தி அழுத்தி நிரப்பி, எண்ணெய் கசியாமல் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். இன்னொரு தாளை எடுத்துச் சுற்றினார். எனக்குப் புரிந்துவிட்டது. கோபமென்றால் பேசவும் கூடாது, சாப்பாடும் கொடுக்கக் கூடாது, விதி அப்படித்தான் என்று விளக்கினேன்.

அம்மா டின்னை என் கையில் திணித்தார்.

"கொண்டுபோயி அவ பையில வையி. நான் குடுத்தேன்னு சொல்லாத."

சொல்லவில்லை. சின்னம்மா டின்னைப் பார்த்துவிட்டு, அக்கா கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தாளை விலக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு மூடிவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அம்மா கழுவிய சட்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

மூன்று வாரமாக உட்கார்ந்து எழுதியவள் நான். ஒரு விதியைப் போட்டால் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்க இந்த வீட்டில் ஒருவருக்கும் துப்பில்லையே என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.